மலைமேல இருக்கறவங்க வருஷா வருஷம் உடம்பு செக்கப் பண்ணிக்கறது எப்படி

நம்ம நீலகிரி மலையில எந்தக் கோளாறு வந்தாலும் குளிரு மேல பழியப் போட்டுடலாம், இல்லன்னா மேட்டு மேல. கால் மரத்துப்போச்சா குளிரு, மூச்சு வாங்குதா மேடு, ராத்திரி மூணு நாலு தடவ ஒண்ணுக்கு எந்திரிக்கறமா அதுவும் குளிருதான், காலைல தலை கனமா இருந்தா பனி எறங்கிடுச்சு. கீழ மேட்டுப்பாளையத்துல இருக்கறவருக்கு இதெல்லாம் வந்தா என்னமோ ஏதோன்னு டாக்டர்கிட்ட போயிடுவாரு, நாம சால்வைய இன்னொரு சுத்து சுத்திக்கிட்டு ஒரு டீ போடச் சொல்லுவோம். ஆனா கால் மரத்துப்போறதும் அடிக்கடி ஒண்ணுக்குப் போறதும் சுகராவும் இருக்கலாம், மூச்சு வாங்கறது இருதயமாவும் ரத்தசோகையாவும் நுரையீரலாவும் இருக்கலாம். பிரஷர் இருக்கே, அது பெரும்பாலும் ஒரு தொந்தரவும் காட்டாமயே உள்ள உக்காந்திருக்கும். அதனால நம்ம ஊர்ல உடம்பு சொல்லட்டும் அப்பறம் பாக்கலாம்னு இருக்க முடியாதுங்க, தேதி வெச்சு வருஷத்துக்கு ஒருதடவ போய் பாத்துடணும். அத எப்படி பண்றதுன்னுதான் இத எழுதறேன்.

எங்க வீட்டுக்கு மேல, தோட்டத் தொழிலாளிங்க இருக்கற லைன் வீடுகள்ல ஒரு அக்கா இருக்காங்க, கோத்தகிரி பக்கம் தோட்டத்துல இலை பறிக்கறவங்க. போன உறைபனி சமயத்துல சாயங்காலம் கரி அடுப்புகிட்ட கால நீட்டிக்கிட்டு பேசிட்டிருந்தவங்களுக்கு சுண்டுவிரல் ஓரம் கொப்புளிச்சதே தெரியல, மருமக பாத்துட்டு கத்தினப்பறம்தான் கால இழுத்தாங்க. ஜி.ஹெச்ல சுகர் பாத்தா 300க்கு மேல. எத்தன வருஷமா இருந்துச்சோ தெரியாது, ஏன்னா அதுக்கு முன்னாடி பாத்ததே கிடையாது. ரெண்டு மூணு வருஷமா கால் மரத்துப்போகுதுன்னு சொல்லிட்டுத்தான் இருந்தாங்க, நாங்க எல்லாருமே சாக்ஸ் போட்டுக்கங்கக்கான்னுதான் சொன்னோம்.

யார் பாக்கணும்னு கேட்டா 30 வயசு தாண்டின எல்லாரும். அப்பா அம்மாவுக்கு சுகர் இருந்தா, எடை அதிகமா இருந்தா, பிரசவத்தப்ப சுகர் வந்து போயிருந்தா, 30 வரைக்கும்கூட காத்திருக்க வேண்டாம். 2023ல வந்த ஐ.சி.எம்.ஆர் ஆய்வுல நம்ம நாட்டுல 10 கோடிப் பேருக்கு மேல சுகர், இன்னும் 13 கோடிக்கு மேல சுகர் வர்ற நிலைமையில இருக்காங்கன்னு கணக்கு சொல்லிருக்காங்க, அந்த 13 கோடிதான் முக்கியம், ஏன்னா அந்தக் கட்டத்துல பிடிச்சுட்டா சாப்பாடு நடைன்னு மாத்திக்கிட்டே பல பேர் சுகர தள்ளிப்போட முடியும்.

சரி எப்ப போறது. என்னக் கேட்டா பிப்ரவரி, மார்ச். டிசம்பர் ஜனவரி உறைபனியில பிரஷர் இயல்பாவே கொஞ்சம் ஏறிக் காட்டும், குளிர்ல ரத்தக்குழாய் சுருங்கறதால. ஏப்ரல் மே சீசன்ல ஊட்டிக்குள்ள போய் வர்றதே அரைநாள் பொழப்பு. ஜூன்லருந்து கூடலூர் பந்தலூர் பக்கம் மழை புடிச்சுக்கும், அக்டோபர் நவம்பர்ல குன்னூர் மேட்டுப்பாளையம் ரோட்ல எப்ப மண்ணு சரியும் மரம் விழும்னு சொல்ல முடியாது. அதனால வருஷம் பொறந்து பனி கொஞ்சம் விட்டதும் போயிடுங்க. இன்னொரு லாபமும் இருக்கு, பழைய முறையில வருமான வரி கட்டறவங்க செக்கப் செலவு 5,000 ரூபாய் வரைக்கும் காட்டலாம், இன்சூரன்ஸுக்கு உண்டான மொத்த வரம்புக்குள்ளயே அது வரும், செக்கப்புக்கு மட்டும் கையில காசா கட்டியிருந்தாலும் ஒத்துக்குவாங்க, பில்ல மார்ச் 31க்குள்ள வாங்கி வெச்சுக்கங்க.

எங்க போறதுன்னா, முதல்ல பக்கத்து பி.ஹெச்.சி, அதாவது ஆரம்ப சுகாதார நிலையம். பிரஷர், சுகர், ஹீமோகுளோபின், யூரின் எல்லாம் அங்கயே காசில்லாம பாத்துடலாம். 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து பிரஷர் சுகர் பாக்கறாங்க, உங்க லைனுக்கோ ஹட்டிக்கோ (படுகர் ஊருக்கோ) வர்ற பணியாளர் யாருன்னு தெரிஞ்சு வெச்சுக்கங்க, அவங்க வர்றப்ப எனக்கெல்லாம் ஒண்ணும் இல்லம்மான்னு திருப்பி அனுப்பாதீங்க. 2025 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச நலம் காக்கும் ஸ்டாலின் முகாம் மாதிரி கேம்ப் உங்க பக்கம் போட்டா ரத்தப் பரிசோதனை, இசிஜி, எக்கோ, ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் எல்லாம் ஒரே எடத்துல கிடைக்கும், ஆதாரும் ரேஷன் கார்டும் எடுத்துட்டுப் போங்க. பெரிசா எதாவதுன்னா ஊட்டியில மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு, 700 படுக்கையோட 2025 ஏப்ரல்ல திறந்தது, முந்தி மாதிரி எல்லாத்துக்கும் கோயமுத்தூர் ஓட வேண்டியதில்ல.

கோயமுத்தூர்லதான் பாப்பேன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். வெறும் வயித்தோட முதல் பஸ் ஏறி அத்தன வளைவும் எறங்கி, பர்லியாறு தாண்டறதுக்குள்ள ஒருதடவ வாந்தி எடுத்து, காந்திபுரத்துல எறங்கி ஆட்டோ புடிச்சு போய் உக்காந்த உடனே பிரஷர் பாத்தா 160 காட்டத்தான் செய்யும். அந்த 160ஐ நம்பி மாத்திரை ஆரம்பிச்சவங்களும் இருக்காங்க. ரத்தம் யூரின் எல்லாம் இங்கயே குடுத்து ரிப்போர்ட்ட கையில வாங்கிக்கங்க, டாக்டர் பாக்கவோ ஸ்கேனுக்கோ மட்டும் சாப்ட்டுட்டு நிதானமா கீழ போங்க.

இப்ப முன்னேற்பாடு, இதுலதான் நிறைய பேருக்கு டெஸ்ட் வீணாகுது. முதல் நாள் ராத்திரி 8 மணிக்குள்ள சாப்ட்டுடுங்க, காலைல ஊசி குத்தற வரைக்கும் தண்ணி தவிர ஒண்ணும் கூடாது. ஒண்ணும் கூடாதுன்னா டீயும் கூடாது. எங்க ஊர்ல ஃபாஸ்டிங்னு சொன்னா சோறு சாப்பிடக்கூடாதுன்னு மட்டும் புரிஞ்சுக்கிட்டு, டீயும் ஒரு வர்க்கியும் (நம்ம ஊர் மைதா பிஸ்கட்) சாப்ட்டுட்டு வந்து வெறும் வயிறுதாங்கன்னு சத்தியம் பண்றவங்க நிறைய. சக்கரை போடாத பிளாக் டீயும் வேண்டாம், பொகையிலையும் வேண்டாம். ஆனா வெதுவெதுன்னு தண்ணி ரெண்டு டம்ளர் குடிச்சுட்டே போங்க. குளிர் காலைல தண்ணியும் குடிக்காம போனா நரம்பு சுருங்கிக்கும், பாவம் அந்த லேப் பொண்ணு நாலு எடத்துல குத்தும். கையுறை போட்டுட்டுப் போங்க, உள்ள போறதுக்கு முன்னாடி கைய தேச்சு சூடு பண்ணிக்கங்க.

வீட்டுல குளுக்கோமீட்டர் வெச்சிருக்கறவங்களுக்கும் இது பொருந்தும், ஐஸ் மாதிரி இருக்கற விரல்ல குத்திட்டு ரத்தம் வரலன்னு பிசைஞ்சு எடுத்தா அளவு சரியா வராது. பெரும்பாலான மீட்டர் 10 டிகிரிக்குக் கீழ ஒழுங்கா வேலை செய்யாது, அதனால பனிக்காலத்துல ஜன்னலோரம் வெக்காம மீட்டரையும் ஸ்ட்ரிப்பையும் ரூம் சூட்டுல கொஞ்ச நேரம் வெச்சுட்டு பாருங்க.

மாத்திரை விஷயம். பிரஷர் மாத்திரை வழக்கம் போல தண்ணியோட போட்டுக்கலாம், டெஸ்ட்டுக்காக நிறுத்தாதீங்க. சுகர் மாத்திரையும் இன்சுலினும் வெறும் வயித்துல வேண்டாம், ரத்தம் குடுத்து டிபன் சாப்பிடறப்ப. தைராய்டு மாத்திரை ரத்தம் எடுத்தப்பறம். முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை சாப்பிடறவங்க ரெண்டு மூணு நாள் முன்னாடியே நிறுத்திடணும், அது தைராய்டு ரிசல்ட்ட தப்பா காட்ட வெக்கும், லேப்ல கேக்க மாட்டாங்க, நாமளா சொல்லணும்.

பிரஷர் பாக்கறதுக்கு ஸ்வெட்டர் கதை. நம்ம ஊர்ல ஸ்வெட்டருக்கு மேலயே பட்டைய சுத்தி பாத்துட்டு அனுப்பிடறது சர்வ சாதாரணம், இல்லன்னா ஸ்வெட்டர் கைய முட்டிக்கு மேல சுருட்டி விட்டுட்டு பாப்பாங்க, அது கைய இறுக்கிக்கிட்டு நிக்கும். ரெண்டுலயும் அளவு தப்பும். உள்ள அரைக்கை சட்டை இல்லன்னா லூசான ஜாக்கெட் போட்டுட்டுப் போய், ஸ்வெட்டர கழட்டிட்டு வெறும் கையில பாக்கச் சொல்லுங்க, சங்கடப்படாதீங்க. பஸ்ல எறங்கி படி ஏறி வந்த உடனே பாக்க விடாதீங்க, 5 நிமிஷம் பேசாம உக்காருங்க, முதுகு சாஞ்சிருக்கணும், பாதம் தரையில படணும், கை நெஞ்சு உயரத்துல டேபிள் மேல இருக்கணும், ஒண்ணுக்கு வந்தா போயிட்டு வந்துடுங்க, அரைமணி நேரத்துக்கு முன்னாடி டீ காப்பி பீடி எதுவும் கூடாது. ரெண்டுதடவ பாக்கச் சொல்லுங்க. 140/90க்கு மேல திரும்பத் திரும்ப வந்தாத்தான் பிரஷர்னு எடுத்துக்கணும், ஒருதடவ வந்ததுக்கு பயந்துக்க வேண்டாம், அதுக்காக அப்படியே விட்டுடவும் கூடாது, ஒரு வாரம் விட்டு பி.ஹெச்.சிலயே மறுபடி பாருங்க.

என்னென்ன டெஸ்ட்னா பெரிய லிஸ்ட் இல்லீங்க. எடை, இடுப்பு சுத்தளவு (ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80, அதுக்கு மேல போனா கவனிக்கணும்), பிரஷர், வெறும்வயிறு சுகர், ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்), கொலஸ்ட்ரால், கிரியேட்டினின் (கிட்னிக்கான ரத்த டெஸ்ட்), யூரின்ல ஆல்புமின்ங்கற புரதம், ரத்த அணுக்கள் கணக்கு. ஆல்புமின்ன விட்டுடுவாங்க, கேட்டு வாங்குங்க, சுகரோ பிரஷரோ இருக்கறவங்களுக்கு கிட்னி கெட ஆரம்பிக்கறத கிரியேட்டினின் ஏறறதுக்கு முன்னாடியே காட்டறது அதுதான். குடிக்கறவங்களும் எடை கூடினவங்களும் லிவர் டெஸ்ட் சேத்துக்கங்க. தைராய்டு எல்லாருக்கும் வருஷா வருஷம் தேவையில்ல, அசதி, எடை ஏறறது, மாதவிடாய் மாறறதுன்னு எதாவது இருந்தா பாக்கலாம். இதோட பல்லும், 40க்கு மேல கண் பிரஷரும்.

மலைக்குன்னு தனியா சில விஷயம் இருக்கு, இத கீழ இருக்கற டாக்டர்கூட சிலசமயம் யோசிக்க மாட்டார். ஒண்ணு ஹீமோகுளோபின். ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம், ஆக்சிஜன் குறைச்சலா இருக்கறதால உடம்பு தானா ஹீமோகுளோபின்ன கூட்டி வெச்சுக்கும். ரிப்போர்ட்ல பொம்பளைங்களுக்கு 12க்கு மேல நார்மல்னு அச்சடிச்சிருக்கறது சமவெளிக் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்றபடி இந்த உயரத்துல ஒரு கிராமுக்கு மேல கழிச்சுத்தான் பாக்கணும், அப்படின்னா ஊட்டியில இருக்கற ஒரு பொண்ணுக்கு 12.3 வந்தா நார்மல்னு மூடி வெக்கக்கூடாது, அசதி இருக்கா, மாசமாசம் ரத்தப்போக்கு அதிகமான்னு டாக்டர்கிட்ட பேசணும். விரல்ல மாட்டற ஆக்சிஜன் மெஷின் இங்க 95, 96ன்னு காட்டினா அதுக்கு பதட்டப்பட வேண்டாம், அது உயரத்தால.

இன்னொண்ணு சிக்கிள் செல், பரம்பரையா வர்ற ரத்தக் கோளாறு. இந்தியாவுல அத முதல்ல கண்டுபிடிச்சு எழுதினதே 1952ல நம்ம நீலகிரி பழங்குடி மக்கள்கிட்டத்தான். கூடலூர் பந்தலூர் பக்கம் பணியர், குறும்பர் குடும்பங்கள்ல இருக்கறவங்க ஒருதடவயாவது இந்த டெஸ்ட் எடுத்து கார்டு வாங்கி வெச்சுக்கணும், கல்யாணத்துக்கு முன்னாடின்னா இன்னும் நல்லது. சிக்கிள் செல் இருக்கறவங்களுக்கு ஹெச்பிஏ1சி நம்ப முடியாது, சுகர நேரடியாத்தான் பாக்கணும். அதே மாதிரி இரும்புச்சத்து கம்மியானவங்களுக்கு ஹெச்பிஏ1சி கொஞ்சம் கூட்டிக் காட்டும், அதனாலதான் ரெண்டையும் சேத்து பாக்கச் சொல்றேன்.

அப்பறம் புகை. விறகடுப்புலயே சமைச்சு, குளிருக்கு கதவ சாத்திக்கிட்டு கரி அடுப்பு போட்டு வளந்த நம்ம அம்மா பாட்டிங்களுக்கு ஒரு சிகரெட்டும் தொடாமலே நுரையீரல் கெட்டிருக்கும். மேடு ஏறறப்ப கூட வர்றவங்க நிக்காம போறாங்க, இவங்க மட்டும் டீ புதரப் புடிச்சுக்கிட்டு நிக்கறாங்கன்னா வயசாயிடுச்சுன்னு விட்டுடாதீங்க, குழாய்ல ஊதச் சொல்லி பாக்கற ஸ்பைரோமெட்ரி டெஸ்ட் கேளுங்க. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னா சளி டெஸ்ட், அது ஜி.ஹெச்ல இலவசம். கேரட் உருளைக்கு மருந்தடிக்கறவங்க அந்த மருந்து டப்பாவ போன்ல போட்டோ எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க, பேரு சொல்லத் தெரியலன்னு பேசாம வந்துடாதீங்க.

புற்றுநோய் பாக்கறது பத்தி கொஞ்சம் வெளிப்படையா பேசறேன். 30 வயசு தாண்டினவங்களுக்கு வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூணும் அரசு ஆஸ்பத்திரியில இலவசமா பாக்கறாங்க. கர்ப்பப்பை வாய்க்கு ஒரு திரவத்த தடவி நிறம் மாறுதான்னு பாப்பாங்க, சில நிமிஷ வேலை, மயக்க ஊசி எதுவும் கிடையாது, நல்லா இருந்தா 5 வருஷத்துக்கு ஒருதடவ போதும். எனக்கு வெள்ளப்படறதில்ல ரத்தம் வர்றதில்ல நான் எதுக்குன்னு கேக்கறாங்க, ஒண்ணும் இல்லாதப்ப பாக்கறதுக்குத்தான் அந்த டெஸ்ட்டே, அறிகுறி வந்தப்பறம் அது வேற கதை ஆயிடும். தனியா போக கூச்சமா இருந்தா லைன்ல நாலு பேரு சேந்து போங்க. மார்புல கட்டி, காம்புல மாற்றம் எது தெரிஞ்சாலும் அடுத்த வருஷ செக்கப் வரைக்கும் காத்திருக்காதீங்க. 40க்கு மேல மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எப்ப எடுக்கணும்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க.

வாய்க்கு வீட்டுலயே கண்ணாடி முன்னாடி பாக்கலாம். வெத்தல பாக்கு பொகையில போடறவங்க கன்னத்துக்கு உள்ள, நாக்குக்கு கீழ வெள்ளையோ சிவப்போ திட்டு இருக்கா, ரெண்டு மூணு வாரமா ஆறாத புண்ணு இருக்கா பாருங்க, மூணு விரல நெட்டுக்குத்தா வாய்க்குள்ள விட முடியுதா பாருங்க. முடியலன்னா அன்னைக்கே பல் டாக்டர்கிட்ட போங்க. தோட்டத்துல குளிருக்கு இது இல்லாம முடியாதுன்னு சொல்லுவாங்க, அந்தக் கஷ்டம் எனக்கும் தெரியும், ஆனாலும் பாத்துக்கங்க.

எதுக்கு காசு குடுக்க வேண்டாம்னும் சொல்லிடறேன். 80 டெஸ்ட் 90 டெஸ்ட்னு பேக்கேஜ் விளம்பரம் வருது. அதுல பாதி ஒரே டெஸ்ட்ட பிரிச்சு எண்ணிக்கை காட்டறது. சிஏ 125 மாதிரி கேன்சர் மார்க்கர் எல்லாம் நல்லா இருக்கறவங்களுக்கு எடுத்தா தேவையில்லாத பயம்தான் மிச்சம், புற்றுநோய் இல்லாமலே அது ஏறும். விட்டமின் டி எல்லாருக்கும் வருஷா வருஷம் பாக்கணும்னு இல்ல. நேர்மையா சொல்லணும்னா, 2019ல மருத்துவ ஆய்வுகள அலசிப் பாக்கற காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகள சேத்துப் பாத்ததுல, பொதுவா எல்லாருக்கும் செக்கப் பண்ணி விட்டதால மட்டும் சாவு குறையலன்னுதான் வந்துச்சு. அதுக்காக போகவே வேண்டாம்னு நான் எடுத்துக்கல. டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட்ட பீரோ மேல போட்டுட்டா பிரயோஜனம் இல்ல, வேண்டாத டெஸ்ட்டாலயும் பிரயோஜனம் இல்ல, பிரஷர் சுகர் கர்ப்பப்பை வாய் மாதிரி கண்டுபிடிச்சா கையில வைத்தியம் இருக்கறத பாத்து அந்த வைத்தியத்த தொடர்ந்து பண்ணாத்தான் பலன்.

நான் இதுல எல்லாத்தயும் விட பெரிசா நினைக்கறது பழைய ரிப்போர்ட்ட. ஒரே லேப்ல, ஒரே மாசத்துல, அதே டெஸ்ட்டுகள வருஷா வருஷம் எடுத்து ஒரே ஃபைல்ல வரிசையா வெச்சுப் பாருங்க. ரிப்போர்ட்ல தடிச்ச எழுத்துல போட்டிருந்தாத்தான் கோளாறு, இல்லன்னா நார்மல்னு நாம நினைச்சுக்கறோம். 55 வயசு அம்மாவுக்கு கிரியேட்டினின் முந்தின வருஷம் 0.7, போன வருஷம் 0.9, இந்த வருஷம் 1.1. பல லேப்ல 1.1 வரைக்கும் நார்மல்னுதான் போட்டிருக்கும், மூணு வருஷமும் ஒண்ணும் தப்பில்லன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. ஆனா அந்த வயசுல 1.1ன்னா கிட்னி வடிகட்டற அளவு 60க்குப் பக்கத்துல வந்துடுச்சு, 60க்குக் கீழ மூணு மாசம் நின்னா அது கிட்னி நோய். சுகரும் அப்படித்தான், 92, 98, 107ன்னு ஏறிக்கிட்டே வர்றது மூணு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாத்தான் கண்ணுல படும். மழைக்காலத்துல பேப்பர் பூத்துப் போயிடும், லேப் ரிப்போர்ட்ல மை அழிஞ்சுடும், அதனால வாங்கின அன்னைக்கே போட்டோ எடுத்து புள்ளைங்க போன்லயும் ஒண்ணு போட்டு வைங்க.

ரிசல்ட் வந்தப்பறம், வெறும்வயிறு சுகர் 100க்குக் கீழன்னா நல்லது, 100லருந்து 125 வரைக்கும் எல்லைக்கோடு, 126க்கு மேல ரெண்டுதடவ வந்தா சுகர். ஹெச்பிஏ1சி 5.7க்குக் கீழ நல்லது, 6.5க்கு மேல சுகர். எல்லைக்கோட்டுல இருக்கறவங்க 3 மாசம் வர்க்கி, மைதா, டீயில போடற சக்கரை மூணையும் குறைச்சுட்டு மறுபடி பாருங்க. ஒரு நாளைக்கு ஆறு டீ குடிக்கற ஊர்ல ஒரு டீக்கு ரெண்டு ஸ்பூன்னா கணக்கு போட்டுக்கங்க. சுகர் உறுதியானவங்க கண்ணு விழித்திரையையும் பாதத்தையும் அப்பவே பாக்கச் சொல்லணும், அதுவும் வருஷா வருஷம். ரிப்போர்ட் புரியலன்னா அரசு மருத்துவ ஆலோசனை எண் 104க்கு போன் பண்ணிக் கேக்கலாம், ராத்திரி நெஞ்சுவலி மூச்சுத்திணறல்னா செக்கப் கிக்கப்னு யோசிக்காம 108.

மாத்திரை ஆரம்பிச்சவங்க பி.ஹெச்.சிலருந்து வாங்கறப்ப, தீர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே அடுத்தத வாங்கிடுங்க. மழையில ரோடு அடைச்சா பஸ்சும் வராது, மாத்திரை கொண்டு வர்றவங்களும் வர முடியாது, பிரஷர் மாத்திரைய திடீர்னு நிறுத்தறது ஆபத்து. ஜூன்லயும் அக்டோபர்லயும் மட்டும் ரெண்டு வாரத்துக்கு சேத்து கைவசம் வெச்சுக்கங்க, தகர டப்பாவுல போட்டு இறுக்க மூடி, அடுப்புகிட்ட இல்லாம உள்ரூம்ல வைங்க, ஈரத்துல மாத்திரை நமத்துப் போகாம இருக்கும்.